கூட்டத்துக்கு நேரம் குறிப்பவர் யார்?

மாத்தளை நகரை விட்டு வடக்கே தம்புள்ளையை நோக்கிச் செல்லும் ஏ9 நெடுஞ்சாலையில், திரிபிடகம் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பெற்ற இடமென்று பௌத்த உலகம் போற்றும் அலுவிகாரையைக் கடந்து சிறிது தூரம் சென்றதும் எதிர்ப்படும் பலாபத்வல, கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரை ஓடும் வாகனங்களெல்லாம் தொட்டுச் செல்லும் ஊராயினும், அவற்றிற் பயணம் செய்வோருட் பெரும்பாலோர் அதன் பெயர்ப் பலகையைக்கூட வாசியாமற் கடந்துபோகும் ஊர். மிளகும் கொக்கோவும் வாசனைத் திரவியங்களும் ரப்பரும், மேலே மலைப்பக்கம் ஏறினால் தேயிலையும் விளையும் இப்பிரதேசத்தில், சிங்கள விவசாயியும் முஸ்லிம் வர்த்தகரும் தோட்டத்து லயங்களிற் பிறந்து இன்று சொந்த மனைக்கு ஆசைப்படும் மலையகத் தமிழரும் ஒரே வீதியின் இரு மருங்கிலும் வாழ்கின்றனர். இத்தகைய ஓர் ஊரில் வீட்டுத்திட்டக் குடியிருப்பாளர்களுக்கோ, ஒரே ஊற்றிலிருந்து குழாய் நீர் பெறும் முப்பது நாற்பது குடும்பங்களுக்கோ ஒரு சங்கம் இருக்குமானால், அந்தச் சங்கத்தின் மகாசபைக் கூட்டத்தை எந்த நாளில், எத்தனை மணிக்குக் கூட்டுவது என்ற கேள்வி, மேலோட்டமாகப் பார்ப்பவர்க்கு அற்ப விஷயமாகத் தோன்றும். நிதானமாக யோசித்தால், சங்கத்தின் யாப்பில் எழுதப்பட்டுள்ள சகல விதிகளையும்விட அந்த ஒற்றை விஷயமே, சங்கம் யாருடையது என்பதைத் தீர்மானிக்கின்றது என்பது புலப்படும்.

வழக்கமாக அறிவித்தல் எப்படி வருகின்றது? கடைச் சுவரிலோ கோயில் வாசலிலோ ஒட்டப்படும் அந்தத் தாளில், அங்கத்தவர்கள் அனைவரும் தவறாது சமுகமளிக்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுவதோடு, நேரம் முற்பகல் பத்து மணி என்றும் குறிக்கப்பட்டிருக்கும். நாளோ பெரும்பாலும் வாரநாள். ஏனெனில் பிரதேச செயலகத்திலிருந்து வரவேண்டிய உத்தியோகத்தருக்கு அதுவே வேலை நாள். ஓய்வூதியம் பெறுபவரும், கடையை உதவியாளிடம் ஒப்படைத்துவிட்டு வரக்கூடிய முதலாளியும், லீவு போடத்தக்க ஆசிரியரும் பத்து மணிக்கு வந்து நாற்காலியில் அமர்வார்கள். மற்றவர்கள் எங்கே? ரப்பர் மரத்திற் பால் வெட்டுபவர், விடியற்காலைக் குளிர்ச்சியிலேதான் பால் நன்கு வடியும், வெயில் ஏற ஏற வடிவது குறைந்துவிடும் என்பதனால், இருள் பிரியுமுன்னே மலைக்குப் போய், அந்தப் பத்து மணி வேளையிலே சிரட்டைகளிற் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றிக்கொண்டிருப்பார். கண்டியில் வேலை செய்பவர் ஆறு மணி பஸ்ஸிலேயே போய்விட்டார். ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் பெண், அங்கே தையல் இயந்திரத்தின் முன்னால் இருக்கிறாள்.

தேயிலை மலையில் நிற்பவளின் நிலையைத் தனியே சொல்லவேண்டும். காலையிற் பேர்பதியும் பிரட்டுக் களத்தில் ஆஜராகி, பிள்ளையைப் பிள்ளை மடுவத்தில் விட்டு, கங்காணி காட்டிய நிரையிற் கொழுந்து பறித்துக்கொண்டிருக்கும் அவள், அந்த வேலையை விட்டுக் கூட்டத்துக்கு வருவாளானால் அன்றைய ‘பேரை’, அதாவது முழுநாட் சம்பளத்தை, இழக்கிறாள்; சிறிது நேரம் வேலை செய்துவிட்டு வந்தாலும் அரைப்பேர் மாத்திரமே விழும். 2024ஆம் ஆண்டு செப்டெம்பரில் வர்த்தமானியிற் பிரசுரிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாயாக இருந்தது. அத்தகைய ஒரு நாட்சம்பளத்தை விலையாகக் கொடுத்துத்தான் அவள் தன் சங்கத்தின் மகாசபையில் கை உயர்த்தவேண்டும். அதே மகாசபைக்கு வரும் உத்தியோகத்தருக்கோ அன்றைய சம்பளம் குறையாது, பிரயாணப்படியும் கிடைக்கக்கூடும். உத்தியோகத்தரை நான் குறை கூறவில்லை. அவர் கடமையைச் செய்கிறார். ஒரே கூரையின்கீழ் ஒரே விஷயத்தைப் பேசக் கூடும் இருவருள் ஒருவர் சம்பளத்தோடு வருகிறார், மற்றவர் சம்பளத்தை இழந்து வருகிறார் என்னும் உண்மையை, சமத்துவத்தைப் பற்றி அங்கே நிகழ்த்தப்படும் வரவேற்புரைகள் மறைத்துவிடுகின்றன என்பதே என் குறை.

இதைக் கேட்டதும் சங்கக் காரியதரிசிகள் சொல்லும் சமாதானம் ஒன்றுண்டு: ‘எந்த நேரம் வைத்தாலும் இந்தச் சனங்கள் வரமாட்டார்கள், அவர்களுக்கு அக்கறை இல்லை.’ இது நியாயமான பேச்சன்று. மாசி மகத்தன்று மாத்தளை முத்துமாரியம்மன் தேர்கள் வீதிவலம் வருகையில் வெயிலையும் நெரிசலையும் பொருட்படுத்தாது நிற்பவர்கள் இதே சனங்கள்; ஒரு வீட்டில் மரணம் என்றால் இரா முழுவதும் கண்விழித்து இருப்பவர்களும் இவர்களே. மரண உதவிச் சங்கத்துக்குச் சந்தா தவறாமற் கட்டும் குடும்பமொன்று, தன் வீட்டுக் கூரையையும் குடிநீரையும் பற்றிப் பேசும் சங்கத்தின் கூட்டத்துக்கு மாத்திரம் வரவில்லையென்றால், அந்தக் கூட்டம் எந்த நேரத்தில் வைக்கப்பட்டது, அங்கே சென்ற முறை என்ன நடந்தது என்று விசாரிப்பதே விவேகம்.

விதிகளை வகுத்தவர்களும் இவ்விஷயத்தில் அதிகம் யோசித்ததாகத் தெரியவில்லை. நம் நாட்டுச் சங்க யாப்புகள் பலவற்றில், குறித்த நேரத்திலிருந்து அரை மணிக்குள் நிறைவெண் சேராவிடின் கூட்டம் ஒத்திவைக்கப்படும் என்றும், மறு கூட்டத்தில் வந்திருப்பவர்களே நிறைவெண்ணாகக் கொள்ளப்படுவர் என்றும் ஒரு விதி காணப்படும். இதன் மூதாதை இங்கிலாந்துக் கம்பெனிச் சட்டங்களோடு இணைக்கப்பட்ட மாதிரி விதிகளில் இருக்கிறது. 1862ஆம் ஆண்டுச் சட்டத்தின் மாதிரி விதி, ஒரு மணி நேரம் பொறுத்திருந்தும் நிறைவெண் சேராவிடின் கூட்டத்தை அடுத்த வாரம் அதே நாளுக்கு, அதே நேரத்துக்கு, அதே இடத்துக்கு ஒத்திவைக்கச் சொன்னது; அப்போதும் சேராவிடின் காலவரையறையின்றி ஒத்திவைக்கும்படி விதித்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் மாதிரி விதியிலோ காத்திருக்கும் நேரம் அரை மணியாகக் குறைந்திருக்கிறது. இரண்டாம் வாரத்திலும் ஆட்கள் குறைந்தால் வந்தவர்களே நிறைவெண் என்றாகியிருக்கிறது. லண்டன் நகரத்துப் பங்குதாரர்களுக்கு இது பொருந்தியிருக்கலாம். ஆனால், புதன்கிழமை பத்து மணிக்கு மலையில் நின்றதால் வரமுடியாத ஒருத்தியை, அடுத்த புதன்கிழமை அதே பத்து மணிக்கு மறுபடி அழைத்துவிட்டு, அப்போதும் அவள் வரவில்லையாதலால் வந்த ஏழு பேரின் தீர்மானம் அவளையும் கட்டுப்படுத்தும் என்று எழுதிக்கொள்வது, சட்டத்தின் கண்ணில் எவ்வளவு சரியாயினும், அவளைக் கேலி செய்வதற்கு ஒப்பாகும். வராமைக்குக் காரணம் நேரமென்றால் மாற்றவேண்டியது நேரத்தை; அந்த விதியோ நேரத்தை அப்படியே வைத்துக்கொண்டு நிறைவெண்ணை மாற்றுகிறது.

மலையகத்தாருக்கு இது புதிய அநுபவமன்று. உள்ளூர்ச் சபைகளின் கதவு அவர்களுக்கு நேரத்தினால் மாத்திரமன்றிச் சட்டத்தினாலேயே சாத்தப்பட்டிருந்த காலம் நீண்டது. 1930களின் இறுதியிற் கிராமச் சங்க வாக்குரிமையைத் திருத்தியபோது, தோட்டத்தில் வசிக்கும் இந்தியத் தொழிலாளருக்கு அந்த உரிமை இல்லையென்று ஒதுக்கப்பட்டமை அக்காலத்திற் பெருஞ் சர்ச்சையாயிற்று. 1939இல் ஜவஹர்லால் நேரு இலங்கைக்கு வந்து, இலங்கை இந்தியன் காங்கிரஸ் உதயமான சூழ்நிலையில் அச்சர்ச்சையும் ஓர் அம்சம். பின்னர் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் வந்தபோதும், அதன் 33ஆம் பிரிவு காரணமாக, தங்கள் வாக்கினாலும் தெரிவான பிரதேச சபையின் நிதியைத் தோட்டத்துக்குள்ளே ஒரு பாதை செப்பனிடவும் செலவழிப்பது இயலாதிருந்தது. அந்தத் தடை 2018ஆம் ஆண்டிலேதான் திருத்தப்பட்டது. பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகாரசபையை நிறுவும் 32ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியதும் அதே ஆண்டிலே.

இந்தப் பின்னணியில் நோக்கும்போதுதான் வீட்டுரிமையாளர் சங்கம் என்பதன் முக்கியத்துவம் விளங்கும். 2015க்குப் பின்னர் குடும்பமொன்றுக்கு ஏழு பேர்ச் நிலமும் 550 சதுர அடித் தனிவீடும் என்ற திட்டம் உருவாகி, இந்திய அரசாங்கத்தின் உதவியுடன் 4,000 வீடுகளும், 2017 மே மாதத்தில் நோர்வுட்டில் நரேந்திர மோடி அறிவித்தபடி மேலும் 10,000 வீடுகளும் என்று விரிந்தது. வாக்குறுதிக்கும் கட்டிமுடிந்த சுவருக்கும் உள்ள தூரம் பற்றி வேறொரு கட்டுரைதான் எழுதவேண்டும். ஆனால், லயத்துக் காம்பராவிலிருந்து இத்தகைய வீட்டுக்கு மாறிய குடும்பத்தின் வாழ்க்கையில் ஏற்படும் ஒரு மாற்றத்தை யாரும் போதிய அளவு பேசுவதில்லை. லயத்துக் கூரை ஒழுகினால் துரையிடம் முறையிடலாம். தண்ணீர் வராவிட்டால் தோட்டத் தலைவர் தொழிற்சங்கத்துக்குக் கடிதம் எழுதுவார். தனிவீட்டுக்கு வந்தபின் பாதையும் கானும் நீர்த்தாங்கியும் குப்பையும் அயலவர்கள் கூடித் தீர்மானிக்கவேண்டிய பொதுக் காரியங்களாகின்றன. இந்தக் கூடிப் பேசும் பழக்கத்துக்குத் தோட்ட வாழ்க்கை இடமளித்ததில்லை. தோட்ட வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கங்களிற்கூட முகாமையாளரே தலைமை வகிப்பது வழக்கமாயிருந்தது. அக்கிராசனத்தில் துரை அமர்ந்திருக்கையில், எதிரே அமர்ந்து அவரை மறுத்துப் பேசுவது எத்தனை பேருக்குக் கைவரும்? ஆகவே, புதிதாகத் தோன்றும் குடியிருப்பாளர் சங்கமொன்றின் முதல் மூன்று நான்கு கூட்டங்கள் எந்த நேரத்தில் வைக்கப்படுகின்றனவோ, அதுவே பல ஆண்டுகளுக்கு அதன் குணத்தை நிர்ணயித்துவிடும்.

வாரநாட் பகல் ஆகாது என்றால் எந்த நாள்? ஞாயிறு என்று உடனே சொல்லத் தோன்றும். பலாபத்வல போன்ற கலப்பு ஊரில் அது அவ்வளவு இலகுவன்று. ஞாயிறு காலையில் சிங்களப் பிள்ளைகளுக்கு விகாரையில் தஹம் பாடசாலை, தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கோயிலில் அறநெறி வகுப்பு, கிறிஸ்தவர்களுக்குப் பூசை. சம்பளம் கைக்கு வந்த ஞாயிறென்றால் தோட்டத்துக் குடும்பம் அரிசி மா வாங்க மாத்தளைக்குப் போய்விடும். வெள்ளி நண்பகல் ஜும்ஆத் தொழுகை; போயா தினத்தில் பௌத்தர்கள் சில் அநுஷ்டிக்க விகாரைக்குச் செல்வார்கள். விடுமுறை நாளென்பது எல்லாருக்கும் ஒரேமாதிரி ஓய்வு தருவதன்று என்பதை இந்நாடு ஒருமுறை பெரிய அளவிலேயே பரீட்சித்துப் பார்த்தது: 1966 முதல் 1971 வரை ஞாயிறு விடுமுறையை நீக்கி, சந்திரனின் வளர்பிறை தேய்பிறைகளை அநுசரித்து வரும் நான்கு போயா தினங்களையே வாரவிடுமுறையாக்கியிருந்தார்கள். 1971இல் ஞாயிறு திரும்பி வந்தது. பௌர்ணமிப் போயா மாத்திரம் விடுமுறையாக நிலைத்தது. நாடாளும் அரசாங்கமே இவ்விஷயத்தில் தன் தீர்மானத்தை மாற்றிக்கொண்டதென்றால், முப்பது குடும்பங்களின் சங்கம் ஒருமுறை குறித்த நேரத்தை மறுமுறை மாற்றுவதில் அவமானம் ஒன்றுமில்லை.

மாலை நேரமோ? ஆண்களுக்கு அது வசதி. ஐந்து மணிக்கு மேல் வந்து உட்கார்ந்துகொள்ளலாம். கொழுந்து மடுவத்தில் நிறுவை முடிந்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, விறகும் தண்ணீரும் சேகரித்து, அடுப்பு மூட்டி, இராச் சாப்பாட்டுக்கு ரொட்டி தட்டவேண்டிய பெண்ணுக்கு அந்நேரமே நாளின் மிகக் கடினமான நேரம். இந்நாட்டிற் பொழுது ஐந்தேமுக்காலுக்கும் ஆறரைக்கும் இடையிற் சாய்ந்துவிடுவதால், அதே வேளையில் முஸ்லிம்களுக்கு மஃரிப் தொழுகையும் வந்துவிடும். ஐப்பசி கார்த்திகையிற் பிற்பகலுக்கு மேல் இடியும் மழையும் சேர்ந்து வருவது மாத்தளை வாசிகளுக்குப் பழகிய சங்கதி. வெளிச்சமற்ற படிகளில், அட்டை கடிக்கும் ஈரத்தில், கைக்குழந்தையோடு இறங்கி வரச்சொல்லிவிட்டு, பெண்கள் பங்குபற்றுவதில்லை என்று அறிக்கையில் எழுதுவது எவ்வளவு எளிது! உள்ளூராட்சிச் சபைகளில் நூற்றுக்கு இருபத்தைந்து வீதம் பெண்களுக்கு ஒதுக்கவேண்டுமென்று சட்டம் செய்து, 2018 பெப்ரவரித் தேர்தலிலே அதை நடைமுறைக்கும் கொண்டுவந்த நாடு இது. சபையில் ஆசனம் ஒதுக்கியவர்கள், ஆசனம் வரை வந்து சேரும் நேரத்தையும் ஒதுக்கவேண்டாமா?

அயல்நாட்டார் என்ன செய்தார்கள் என்று பார்ப்போம். தமிழ்நாட்டில், 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின்படி அமைந்த கிராம சபை, குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜயந்தி ஆகிய விடுமுறை நாள்களிலே கூடிவந்தது. 2022 முதல் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினமும், நவம்பர் 1 உள்ளாட்சிகள் தினமும் சேர்க்கப்பட்டன. எப்போது கூட்டம் என்று சுவரொட்டியைத் தேடவேண்டியதில்லை. நாட்காட்டியைப் பார்த்தாற் போதும். சனத்தொகைக்கேற்ப ஐம்பது முதல் முந்நூறு வரை நிறைவெண்ணும் உண்டு. குறைகள் அங்கும் ஏராளம். ஆனால் நாளை முன்கூட்டியே நிர்ணயித்ததனால், தலைவர் தமக்கு வேண்டாதவர்கள் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்துக் கூட்டம் வைக்கும் தந்திரத்துக்கு அங்கே இடம் குறைவு. அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் நகரக் கூட்டம் மார்ச் மாதத்து முதற் செவ்வாயன்று, பனி கரைந்து நிலம் சேறாகி உழவு தொடங்குமுன் நடக்கும் சம்பிரதாயம் விவசாயிகளின் வசதியை ஒட்டியது. இன்றோ தொழிலாளி சம்பளமின்றியேனும் லீவு எடுத்து அக்கூட்டத்துக்குப் போகும் உரிமையை அம்மாநிலச் சட்டம் வழங்குகிறது. இவர்கள் எல்லாரையும்விடத் துணிந்தவர்கள் பண்டைய ஏதென்ஸ் நகரத்தார். மக்கள் சபைக்கு ஆள் சேர்வது அரிதானபோது, கிறிஸ்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அகிரியஸ் என்பவரின் யோசனைப்படி வருபவர்க்கு ஓர் ஓபல் நாணயம் கொடுக்கத் தொடங்கி, சில ஆண்டுகளுக்குள் மூன்றாக உயர்த்தினார்கள். நாட்கூலிக்காரன் கூலியை இழந்து அரசியல் பேச வரமாட்டான் என்பதை அவர்கள் ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொண்டார்கள்.

நம் பண்டைய சபைகளும் வருகையின் அவசியத்தை அறியாதவையல்ல. பத்தாம் நூற்றாண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டு, குடவோலை எடுக்கும் நாளிற் பாலரும் விருத்தரும் அடங்க மகாசபை நிறைந்திருக்கவேண்டும் என்று விதிப்பதை நாம் பெருமையோடு எடுத்துக்காட்டுகிறோம். அது நிலமுடைய அந்தணரின் சபை. உழுதவனுக்கு அங்கே இடமில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னாற்றான் பெருமை நேர்மையாகும்.

கொழும்பிலே, அடுக்குமாடி வீடுகளின் சொந்தக்காரர்களுக்கு இவ்விஷயம் வேறு உருவம் கொள்கிறது. 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டமும் அதன் பிற்காலத் திருத்தங்களும் அவர்களுக்கு முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தை அளித்திருக்கின்றன. வெள்ளவத்தையில் வீடு வாங்கியவர் கனடாவில் இருப்பதால், அங்கே பதிலாள் பத்திரமும் தொலைபேசித் திரையும் கைகொடுக்கும். அந்த ஏற்பாட்டை அப்படியே மலைநாட்டுக்குக் கொண்டுவர நான் விரும்பமாட்டேன். கையெழுத்திட்ட பத்திரங்களை ஒரே தலைவர் கட்டாகச் சேர்த்து வைத்துக்கொண்டு முப்பது குடும்பங்களுக்காகத் தாமே கை உயர்த்தும் நிலைமைக்கு அது கொண்டுபோய்விடும். வாட்ஸ்அப் குழுவும் அறிவித்தலுக்கு நல்லதே. ஆனால் பல வீடுகளிற் கைப்பேசி கணவனிடமோ மகனிடமோ இருக்கிறதென்பதை மறந்து, குழுவிற் போட்டாயிற்று என்று காரியதரிசி கைகழுவலாகாது.

அப்படியானால் என்னதான் செய்வது? எல்லாருக்கும் பொருந்தும் நேரமொன்று கிடையாது என்பதை முதலில் ஏற்றுக்கொண்டால், செய்யக்கூடியவை பல உண்டு. ஒரே நிகழ்ச்சிநிரலை வைத்து ஞாயிறு பிற்பகல் ஓர் அமர்வும், வாரநாளில் தொழுகை முடிந்து ஏழு மணிக்கு ஓர் அமர்வுமாக இரண்டு வைத்து, வாக்குகளைச் சேர்த்து எண்ணலாம். அல்லது கூட்டத்துக்குக் கூட்டம் நேரத்தை மாற்றி, வசதியீனத்தை எல்லாரும் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளலாம். ஒத்திவைக்கும் கூட்டம் வேறொரு நாளில், வேறொரு நேரத்தில் நடக்கவேண்டும் என்று யாப்பைத் திருத்துவதற்கு ஒரு வாக்கியம் போதும். பிள்ளை மடுவத்தை அந்த இரண்டு மணி நேரத்துக்குத் திறந்து வைக்கலாம். அறிவித்தலைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, பிரட்டிலும் கோயிலிலும் விகாரையிலும் பள்ளிவாசலிலும் வாசிக்கச் செய்யலாம்.

இவற்றோடு, தொடங்கும் நேரத்தைக் குறிப்பவர்கள் முடியும் நேரத்தையும் குறிக்கவேண்டும். நம் கூட்டங்களின் பெரும் வியாதி பிரதம அதிதி. அவர் வரும்வரை ஒரு மணி நேரம்; வந்தபின் மங்கள விளக்கு, மாலை, வரவேற்புரை, தலைமையுரை, அவர் உரை, அவருக்குப் பொன்னாடை என்று இன்னொரு மணி நேரம்; தண்ணீர்க் கட்டணத்தை உயர்த்தும் தீர்மானம் வரும்போது அடுப்பு நினைவு வந்த பெண்கள் எழுந்து போய்விட்டிருப்பார்கள், கடைசி பஸ்ஸுக்கு ஓடவேண்டியவர்கள் ஓடியிருப்பார்கள், எஞ்சியவர்கள் ஏகமனதாக நிறைவேற்றுவார்கள். பணத்தைப் பற்றியும் வீட்டைப் பற்றியுமான தீர்மானங்களை முதல் அரை மணிக்குள் எடுத்துவிட்டு, பொன்னாடையைக் கடைசியில் வைத்துக்கொண்டால் யாருக்கும் நஷ்டமில்லை. பொன்னாடையைப் பார்க்க ஆட்கள் இருப்பார்களா என்பது அதிதியின் கவலை.

உத்தியோகத்தர்கள் அலுவலக நேரத்துக்குப் பின்னர் வரமாட்டார்கள் என்று ஓர் ஆட்சேபம் எழும். சங்கத்துக் கூட்டங்கள் எல்லாவற்றுக்கும் அவர்கள் வரவேண்டிய அவசியமில்லை. வரவேண்டிய ஓரிரு கூட்டங்களுக்கு அவர்கள் மாலையில் வந்தால் அதற்கீடாக அரைநாள் ஓய்வு கொடுப்பது மேலதிகாரிகளால் இயலாத காரியமன்று. இயலாதென்றால், அவர் சொல்லவேண்டியதை எழுத்தில் வாங்கி வாசித்துக்கொள்ளலாம். அங்கத்தவர் இல்லாத கூட்டத்தைவிட அதிகாரி இல்லாத கூட்டம் மேலானது.

மாத்தளை மாவட்டத்திலும் வெளியிலும் இத்தகைய சங்கங்களின் காரியதரிசிகளாயிருக்கும் அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த மகாசபைக் கூட்டத்துக்கான அறிவித்தலை எழுதும்போது, நேரத்துக்குரிய இடத்தை மாத்திரம் வெறுமையாக விட்டு, அத்தாளோடு வீடுவீடாகச் செல்லுங்கள். வீட்டுத் தலைவரிடம் அன்றி, அந்த வீட்டிற் கடைசியாக வேலை முடிந்து வருபவர் யாரோ அவரிடம், எந்த நாள், எத்தனை மணி என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முப்பது வீட்டுக்கு ஒரு மாலைப்பொழுது போதும்.